காவிரிச் சமவெளியில் சாலைப் பணிக்கு முன் தொல்லியல் இடங்களை மதிப்பிடும் முறை

கல்லணைக்குக் கிழக்கே காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன் எனப் பல கிளைகளாகப் பிரிந்து கடலை நாடும் நிலத்தில் ஒரு நெடுஞ்சாலையைத் திட்டமிடுபவர் இரண்டு செய்திகளை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தத் தட்டையான வண்டல் வெளியில் நான்கடி உயரமுள்ள மேடு கூடக் காரணமின்றி அமைவதில்லை. அது ஆற்றின் பழைய கரையாகவோ, கடல் விட்டுச்சென்ற மணல் திட்டாகவோ, பல தலைமுறைகள் குடியிருந்து கைவிட்ட நத்தமாகவோ இருக்கும். அடுத்தது, வெள்ளம் தேங்கும் இந்த நிலத்தில் சாலையைத் தரைமட்டத்தில் போட முடியாது. கரை எழுப்பியே போட வேண்டும், கரைக்கு மண் வேண்டும், மண்ணைத் தேடும் ஒப்பந்ததாரரின் பார்வை முதலில் போய் நிற்பது அந்த மேட்டின் மீதுதான். ஆகவே டெல்டாவில் தொல்லியல் மதிப்பீடு என்பது சாலை செல்லும் கோட்டை மட்டும் பார்ப்பதாக இருந்தால் அது பாதி வேலை. சாலைக்கான மண் எங்கிருந்து வருகிறது என்பதையும் அதே கவனத்தோடு ஆராய்ந்தால்தான் மதிப்பீடு முழுமை பெறும்.

இக்குறிப்பு திட்ட ஆலோசனை நிறுவனங்களில் பணியாற்றும் பொறியாளர்கள், சுற்றுச்சூழல் அலுவலர்கள், தொல்லியல் மாணவர்கள், தம் ஊர் வழியாகச் சாலை வருவதை அறிந்து முன்கூட்டியே செயல்பட விரும்பும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் ஆகியோருக்காக எழுதப்படுகிறது.

எப்போது தொடங்க வேண்டும்

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இன் 3ஏ பிரிவின் கீழ் நிலம் எடுக்கும் அறிவிப்பு வெளியான பிறகு, ஆட்சேபம் தெரிவிக்க நிலத்தில் உரிமையுள்ளோருக்குக் கிடைப்பது 21 நாள் மட்டுமே. அந்த 21 நாளுக்குள் ஓர் ஊரின் தொல்லியல் வரலாற்றைத் திரட்டி, வரைபடத்தில் குறித்து, மாற்றுத் தடம் கேட்டு வெற்றி பெறுவது ஏறத்தாழ இயலாத காரியம். மதிப்பீடு தொடங்க வேண்டிய நேரம் அதற்கு வெகு முன்னதாக, மாற்றுத் தடங்கள் இரண்டோ மூன்றோ இன்னும் வரைபடத்தில் ஒன்றுக்கொன்று போட்டியாக இருக்கும் சாத்தியக்கூறு ஆய்வுக் கட்டத்திலேயே வருகிறது. அந்தக் கட்டத்தில் தடத்தை 80 மீட்டர் நகர்த்துவதற்குச் செலவு கணினியில் ஒரு கோட்டை மாற்றும் உழைப்புதான். நிலம் எடுத்து இழப்பீடு வழங்கிய பிறகு அதே 80 மீட்டருக்காக நீதிமன்றப் படிகளை ஏற வேண்டியிருக்கும்.

விக்கிரவாண்டி–கும்பகோணம்–தஞ்சாவூர் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தத் திட்டமிட்டபோது மானம்பாடி நாகநாதசுவாமி கோயில், சோழர் காலக் கற்றளி (கற்கோயில்), அகலப்படுத்தும் எல்லைக்குள் சிக்கியது. ஆய்வாளர்களும் மக்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பிய பிறகே அக்கோயிலின் நிலை பொதுவெளியில் பேசப்பட்டது. கல்லால் எழுந்து, கல்வெட்டும் தாங்கி, சாலையோரத்திலேயே கண்ணுக்குத் தெரிய நிற்கும் கோயிலுக்கே இந்த நிலை என்றால், நெல் வயலுக்கு அடியில் கிடக்கும் செங்கற் சுவரைப் பற்றி யார் முறையிடுவார்? அந்த முறையீட்டை முன்கூட்டியே தாளில் எழுதி வைப்பதே மதிப்பீட்டாளரின் பணி.

ஆவணங்களில் தேடுதல்

முதல் வேலை, தடத்தின் இருபுறமும் குறைந்தது அரை கிலோமீட்டர் அகலத்துக்குத் தெரிந்த இடங்கள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவருவது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ்த் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பாதுகாப்பவை, இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்கள் என மூன்று பட்டியல்களும் தனித்தனி அலுவலகங்களில் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று பொருந்துவதும் இல்லை. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னமானால், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அங்கே தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் பரிந்துரையோடு கூடிய அனுமதி வேண்டும். இந்த அளவைக் கோபுரத்தின் சுவரிலிருந்து அளக்கும் வழக்கம் சில அறிக்கைகளில் காணப்படுகிறது. அளக்க வேண்டியது அறிவிக்கப்பட்ட எல்லையிலிருந்துதான். கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், தஞ்சைப் பெரிய கோயில் ஆகிய உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கு அருகில் சென்றால் மரபுத் தாக்க மதிப்பீடு என்ற தனி அறிக்கையும் தேவைப்படும். அதைத் தனி வல்லுநரிடம் ஒப்படைப்பது நல்லது.

பட்டியல்களுக்குப் பிறகு கல்வெட்டுத் தொகுதிகளுக்குச் செல்ல வேண்டும். டெல்டாவின் பெருஞ்செல்வம் இதுதான்: இந்தியாவில் வேறு எந்த ஆற்றுச் சமவெளியிலும் இவ்வளவு அடர்த்தியாக நில எல்லை பேசும் கல்வெட்டுகள் கிடைப்பது அரிது. கோயிலுக்கு நிலம் கொடுத்த செய்தியைச் சொல்லும்போது கிழக்கெல்லை இன்ன வாய்க்கால், தெற்கெல்லை இன்ன பெருவழி, இன்ன குளம், இன்ன சுடுகாடு, இன்ன பள்ளிச்சந்தம் (சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம்) என்று அவை வரிசையாகக் கூறுகின்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கிய செப்பேட்டிலும் இத்தகைய எல்லை விவரம் விரிவாக உண்டு. இந்த எல்லைகளில் பல இன்றும் அதே வாய்க்காலாகவும் அதே வரப்பாகவும் தொடர்கின்றன. கல்வெட்டைப் படித்து அதன் எல்லையை வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் பொருத்திப் பார்ப்பவருக்கு, மறைந்துபோன விகாரையும் அரண்மனையும் வணிகர் குடியிருப்பும் எந்தப் புல எண்ணில் இருந்திருக்கலாம் என்று ஊகிக்க வழி பிறக்கும்.

வருவாய் ஆவணங்களில் ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் சொல்லும் அ-பதிவேட்டையும், அதன் எல்லையை வரைந்து காட்டும் புலப்படத்தையும் தடம் கடக்கும் ஒவ்வொரு கிராமத்துக்கும் வாங்க வேண்டும். சுற்றிலும் நஞ்சையாக இருக்க, நடுவே ஒரு புல எண் மட்டும் தரிசு, மேடு, நத்தம், கோட்டைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் அங்கே கண்டிப்பாக நடந்து பார்க்க வேண்டும். ஊர்ப்பெயரும் வயற்பெயரும் இதே வகையில் பயன்படும். பழையாறையைச் சுற்றிச் சோழன்மாளிகை என்ற ஊரும் ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்ற ஊர்களும், கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றி உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், செங்கல்மேடு, சுண்ணாம்புக்குழி என்ற ஊர்களும் இருப்பது அந்தத் தலைநகரங்களின் உறுப்புகள் எங்கெங்கே பரவிக் கிடந்தன என்பதைக் காட்டுகிறது. ஆயினும் பெயரை மட்டுமே சான்றாக அறிக்கையில் எழுதிவிடக் கூடாது. அது நடந்து பார்க்க வேண்டிய இடத்தைச் சுட்டும் அளவோடு நிற்கட்டும்.

செயற்கைக்கோள் படங்களில், 1960களில் அமெரிக்கா எடுத்துப் பின்னர் வெளியிட்ட கொரோனா வகைப் படங்கள் மிகப் பயனுள்ளவை. டிராக்டரும் நில மட்டப்படுத்தலும் பரவலாவதற்கு முந்தைய டெல்டாவை அவற்றில் காணலாம். இன்று சமமாக்கப்பட்ட மேடுகளும், தூர்ந்துபோன அகழிகளும், நெல்வயலுக்குள் வளைந்து செல்லும் பழைய ஆற்றுத் தடங்களும் அவற்றில் தெரிகின்றன. பழைய ஆற்றுத் தடத்தின் இரு கரைகளும் குடியிருப்புக்கு உகந்த மேட்டு நிலம் என்பதால், அத்தடங்களைப் புதிய சாலை வெட்டும் புள்ளிகளை எல்லாம் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

நடந்து பார்த்தல்

களப்பணிக்கு ஏற்ற காலம் டெல்டாவில் மிகக் குறுகியது. குறுவையும் சம்பாவும் தாளடியும் நிற்கும்போது நிலத்தையே காண முடியாது. அறுவடை தை, மாசியில் முடிந்தாலும், அதற்கு முன்பே நின்ற பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள், அவை பங்குனி வரை தரையை மூடியிருக்கும். ஆகவே பங்குனிக் கடைசியிலிருந்து, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்குப் பிறகு வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும் வரையிலான இடைவெளிதான் நமக்குக் கிடைப்பது. அதற்குள்ளும் கோடை உழவு முடிந்து ஒரு மழை பெய்த மறுநாள் மிகச் சிறந்தது, மண் கழுவப்பட்டு ஓட்டுச் சில்லுகள் மேலே தெரியும். ஒப்பந்தக் கால அட்டவணையில் கார்த்திகை மாதத்தில் தொல்லியல் கள ஆய்வு என்று எழுதியிருந்தால், அந்த ஆய்வு ஒன்றையும் காணாது என்பதை அப்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

சாலை எல்லை 60 மீட்டர் என்றால், இருபுறமும் தலா 50 மீட்டர் சேர்த்து 160 மீட்டர் அகலத்தில், ஆளுக்கு 10 மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நடப்பது நடைமுறைக்கு ஒத்துவரும் முறை. கண்ட ஒவ்வொரு பொருளையும் எடுக்க வேண்டியதில்லை. ஜிபிஎஸ் புள்ளி குறித்து, அளவுகோலோடு படம் எடுத்து, காலத்தைச் சொல்லக்கூடிய விளிம்பு, அடிப்பகுதி, அலங்காரம் கொண்ட சில்லுகளை மட்டும் உறையில் இட்டு எண்ணிட்டால் போதும். தனித்து ஓரிரு ஓடுகள் கிடந்தால் அவை எருவோடு வயலுக்கு வந்தவையாக இருக்கலாம். ஓடு, செங்கல் துண்டு, சாம்பல் நிறமான பொடி மண், இரும்புக் கசடு ஆகியவை ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்தால் அது குடியிருப்பு.

எதைக் கண்டால் எந்தக் காலம் என்ற அடிப்படை அறிவு குழுவில் ஒருவருக்காவது இருக்க வேண்டும். உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடு, உட்புறத்தில் உருளையால் பதித்த புள்ளி வரிகள் கொண்ட ரௌலட்டட் வகை ஓடு, உறைகிணற்றின் சுடுமண் வளையம் ஆகியவை உறையூரிலும் பூம்புகாரிலும் கிடைத்த சங்க கால அடுக்கை நினைவூட்டுபவை. வெள்ளையும் இளம்பச்சையுமான சீனப் பீங்கான் சில்லு, தட்டையான கூரை ஓடு, இரும்பு ஆணி ஆகியவை சேர்ந்து வந்தால் மாளிகைமேட்டு அகழாய்வில் வெளிப்பட்டது போன்ற சோழர் கால உயர்நிலைக் கட்டடத்தை எதிர்பார்க்கலாம். செங்கல்லை அளந்து பார்ப்பது மிக எளிய சோதனை, ஆனால் மிகப் பலர் செய்யாதது. சங்க காலச் செங்கல் இன்றைய சூளைச் செங்கல்லைவிட நீளத்திலும் அகலத்திலும் தெளிவாகப் பெரியது, பிற்கால நாயக்கர், மராட்டியர் காலச் செங்கல் சிறிதாகவும் மெல்லியதாகவும் இருக்கும். மூன்று பக்கமும் அளக்கத்தக்க முழுச் செங்கல் ஒன்று கிடைத்தால், அது பத்துச் சில்லுகளைவிட அறிக்கைக்கு உதவும்.

மண்ணில் கிடப்பவற்றோடு மண்ணுக்கு மேல் நிற்பவற்றையும் பதிவு செய்ய வேண்டும். சிவன் கோயில் நிலத்தின் எல்லையைக் காட்டும் சூலக்கல், பெருமாள் கோயில் நிலத்தின் ஆழிக்கல், சதிக்கல், சுமைதாங்கி, பழைய மதகு, ஏரி நீரைத் திறந்துவிடும் குமிழித்தூம்பு, மராட்டியர் காலச் சத்திரம் ஆகியவை எந்தப் பட்டியலிலும் இல்லாமல் சாலையோரத்திலேயே நிற்பவை, அகலப்படுத்தும்போது முதலில் பெயர்க்கப்படுபவையும் இவையே. வயலிலும் அரச மரத்தடியிலும் வேறு பெயரில் வழிபடப்படும் புத்தர், தீர்த்தங்கரர் சிலைகளும் டெல்டாவில் உண்டு. சிலை இருக்கும் இடத்தைச் சுற்றிப் பழைய பௌத்த, சமணப் பள்ளியின் அடித்தளம் இருக்கிறதா என்று பார்க்காமல், சிலையை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்வது தவறான தீர்வு.

ஊராரிடம் கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். இங்கே தொல்லியல் சின்னம் ஏதும் உண்டா என்று கேட்டால், கோயில் இருக்குங்க என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். உழும்போது கலப்பை எந்தக் கொல்லையில் தட்டுகிறது, ஆழ்குழாய் போட்டபோது எங்கே செங்கல் வந்தது, குளம் வெட்டியபோது உறைகிணறு தெரிந்ததா, மழைக்குப் பிறகு சிறுவர்கள் காசு பொறுக்கும் இடம் எது என்று கேட்க வேண்டும். டிராக்டர் ஓட்டுநர், ஆடு மேய்ப்பவர், கிணறு வெட்டும் மேஸ்திரி, நூறு நாள் வேலையில் குளம் தூர்வாரிய பெண்கள் ஆகியோர் சொல்லும் இடங்களை, ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் தலபுராணத்துக்கு முன்னால் வைத்து ஆராய வேண்டும். மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் 2006இல் பேசப்பட்ட குறியீடுகள் கொண்ட புதிய கற்காலக் கைக்கோடரி, வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டும்போது வெளிவந்ததுதான். அந்தக் குழியைத் தொடர்ந்தே மாநிலத் தொல்லியல் துறை அங்கு அகழாய்வு செய்தது.

தரைக்கு அடியில்

டெல்டாவில் மேற்பரப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. ஆறு ஆண்டுதோறும் இட்ட வண்டலுக்குக் கீழே பழைய தரை மீட்டர் கணக்கில் புதைந்திருக்கலாம். பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது வெளிப்பட்ட செங்கற் படகுத்துறையும் அதன் மரத்தூண்களும் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று.

இங்கே சாலைத் திட்டமே நமக்கு ஒரு வசதியைச் செய்து தருகிறது. ஒவ்வொரு பாலத்துக்கும் பெரிய குழாய்ப் பாலத்துக்கும் மண் பரிசோதனைத் துளைகள் எப்படியும் போடப்படுகின்றன, டெல்டாவிலோ ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஓர் ஆறோ வாய்க்காலோ வருகிறது. துளையிடும் குழு அந்த மண்ணைக் களி, வண்டல், மணல் என்று மட்டும் வகைப்படுத்திப் பெட்டியில் அடுக்கும். அப்பெட்டிகளைத் தூக்கி எறிவதற்கு முன் தொல்லியலாளர் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால், எந்த ஆழத்தில் கரித்துண்டு, செங்கற் பொடி, ஓட்டுத் துணுக்கு, சிப்பி, கருத்த பழைய மேல்மண் ஆகியவை வருகின்றன என்று குறித்துக்கொள்ள முடியும். கூடுதல் செலவு ஒருவரின் சில நாள் ஊதியம் மட்டுமே. சந்தேகத்துக்குரிய இடங்களில் கைத்துளைப்பானால் 20 மீட்டருக்கு ஒன்றாக மூன்று, நான்கு மீட்டர் ஆழம் வரை கூடுதல் துளைகள் போடலாம்.

புவி இயற்பியல் கருவிகளைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. தரை ஊடுருவும் ராடார் ஈரக் களிமண்ணிலும் உப்பேறிய கடலோர மண்ணிலும் வலுவிழந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அதற்குப் பணம் செலவிடுவதைவிட, சுட்ட செங்கல்லையும் சூளையையும் காட்டும் காந்தமானியும், கோடையில் மண்ணின் மின்தடையை அளப்பதும் பயன் தரும். சோதனைக் குழி வெட்ட வேண்டுமானால் அது அகழாய்வு என்பதால் உரிமம் தேவைப்படுகிறது, மாநிலத் துறையும் மத்திய அரசின் அனுமதியோடுதான் அகழாய்வு செய்கிறது. விண்ணப்பித்து அனுமதி பெற்று, அதன் பிறகு உலர்ந்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால், திட்டத்தின் கால அட்டவணையில் இதற்கென ஓர் ஆண்டையாவது ஒதுக்கி வைப்பது அறிவுடைமை.

மண் எடுக்கும் இடங்கள்

ஒரு சிறு கணக்கு: மேலே 25 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம், ஒன்றுக்கு இரண்டு சரிவு கொண்ட நான்குவழிச் சாலைக் கரைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 75,000 கன மீட்டர் மண் வேண்டும். அதை ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி எடுத்தால் ஏழரை ஹெக்டேர் நிலம் தோண்டப்படும், தஞ்சாவூர்க் கணக்கில் மூன்று வேலிக்குச் சற்றுக் குறைவு. சாலையே ஒரு கிலோமீட்டருக்கு ஆறு ஹெக்டேர்தான் எடுத்துக்கொள்கிறது. அதாவது மண் குவாரிகள் தோண்டும் பரப்பு சாலை மூடும் பரப்பைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். சாலை பழைய தரையை மூடுகிறது, குவாரியோ அதை வெட்டி எடுத்து டிப்பரில் ஏற்றுகிறது. இவ்வளவு இருந்தும் பெரும்பாலான அறிக்கைகளில் மண் எடுக்கும் இடங்கள் பற்றி, ஒப்பந்ததாரர் உரிய அனுமதி பெறுவார் என்ற ஒற்றை வரிக்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. இதைவிடப் பெரிய குறை எதையும் நான் இத்துறையில் கண்டதில்லை.

நெல் விளையும் களிமண் சாலைக் கரைக்கு ஏற்றதன்று, விவசாயியும் தம் நஞ்சையைத் தோண்ட விடமாட்டார். எனவே கரைக்கு ஏற்ற மணல் கலந்த மண்ணான சவுடு கிடைக்கும் பட்டா மேடுகள், படுகைகள், புறம்போக்குத் திடல்கள் ஆகியவையே குவாரியாகின்றன. மேட்டைச் சமப்படுத்தி நஞ்சையாக்கித் தருகிறோம் என்று சொல்லும்போது நில உரிமையாளருக்கும் அது இரட்டை ஆதாயமாகிறது. ஒப்பந்ததாரர் கனிமத் துறையில் சவுடு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு புல எண்ணையும், விண்ணப்பத்துக்கு முன்பே தொல்லியலாளர் நடந்து பார்த்துச் சான்றளிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே எழுதிவிடுவது இதற்கு ஒரே நம்பகமான வழி. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இதைச் சேர்க்க முயன்றால் கூடுதல் தொகை கேட்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மாற்று மண் உண்டா என்ற கேள்விக்கும் மதிப்பீட்டாளர் விடை வைத்திருக்க வேண்டும். ஏரி, குளங்களில் அண்மைக் காலத்தில் படிந்த வண்டல் பாதுகாப்பானது. ஆனால் அது கரைக்குத் தேவையான பொறியியல் தரத்தில் எப்போதும் இருப்பதில்லை, எடுக்கும்போது பழைய மதகையும் கரையையும் தொடக் கூடாது. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலைக் கரையின் உட்பகுதிக்குப் பயன்படுத்தலாம், அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் சாலைப் பணிகளுக்குச் சாம்பலைப் பயன்படுத்த மத்திய அரசின் விதியே சொல்கிறது. வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் கிராவல் பொறியாளர்களுக்குப் பிடித்தமானது. ஆனால் டெல்டாவின் விளிம்பில் உள்ள அந்த மேட்டு நிலம்தான் முதுமக்கள் தாழிகளை எதிர்பார்க்க வேண்டிய இடம், வல்லத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்திருப்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். சமவெளியைக் காப்பாற்றும் எண்ணத்தில் சுமையை மேட்டு நிலத்தின் மீது இறக்கி வைப்பது தீர்வாகாது, அங்கும் அதே நடைமுறை பொருந்தும்.

தார்க் கலவை ஆலை, ஜல்லி கொட்டுமிடம், தொழிலாளர் குடியிருப்பு, டிப்பர் செல்லும் தற்காலிகப் பாதை, இடம் மாற்றப்படும் மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் போகும் வழி ஆகிய அனைத்துக்கும் இதே சோதனை உண்டு.

தாக்கத்தை எடைபோடுதல்

கிடைத்த ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இது எவ்வளவு அரியது, இந்த வேலை இதற்கு என்ன செய்யும். அரியதா என்பதை வயதைக் கொண்டு மட்டும் முடிவு செய்வதில்லை. கலைக்கப்படாத அடுக்குகள் உள்ளனவா, அருகில் இதே வகை இடம் வேறு உண்டா, கல்வெட்டோடு பொருத்திப் படிக்க முடிகிறதா, ஊரார் அதை எப்படிப் போற்றுகிறார்கள் என்பவை எல்லாம் சேர வேண்டும். சோழர் காலச் செங்கல் சிதறிய பத்துத் திடல்களில், அடுக்கு குலையாத ஒன்றே ஒன்று மற்ற ஒன்பதைவிட மேலானது.

தாக்கத்தைப் பொறுத்தவரை, மண்ணைக் கொட்டி மூடினால் பழைய இடம் பத்திரமாக இருக்கும் என்ற வாதம் அடிக்கடி வைக்கப்படும். கெட்டியான தரையில் அது ஓரளவு உண்மை, நெகிழியிழைத் துணி விரித்து, அதன்மேல் மணல் பரப்பி, பிறகு கரை எழுப்பினால் அடுக்குகள் காக்கப்படும். ஆனால் கடலோர மென்களியில் கரையின் பாரமே தரையை அமுக்கும். அமுங்குவதை விரைவுபடுத்தப் பொறியாளர்கள் மீட்டர் இடைவெளியில் செங்குத்து வடிகால் பட்டைகளைப் பல மீட்டர் ஆழத்துக்குக் குத்தி இறக்குவார்கள். அப்படிச் செய்தால் கீழே உள்ள அடுக்குகள் முழுவதும் துளைபட்டுப் போகும். எனவே மூடிப் பாதுகாத்தல் என்று எழுதுவதற்கு முன் அந்தப் பகுதிக்கான தரை வலுவூட்டல் வரைபடத்தைக் கேட்டுப் பெற்றுப் பார்க்க வேண்டும்.

நிற்கும் கட்டடங்களுக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது அதிர்வு. ஜெர்மானியத் தரநிலை டிஐஎன் 4150, மரபுக் கட்டடங்களின் அடித்தளத்தில் 10 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண்ணில் வினாடிக்கு 3 மில்லிமீட்டர் என்ற வழிகாட்டு அளவைச் சொல்கிறது. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த செங்கற் கோயிலுக்கு அருகில் அதிர்வு உருளையை நிறுத்திவிட்டு, அதிர்வில்லாத உருளையை மட்டும் ஓட்டச் சொல்ல வேண்டும், விரிசல்களின் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒட்டி நாள்தோறும் பார்க்க வேண்டும். இரண்டாவது தண்ணீர். உயர்ந்த கரை வடிகாலை அடைத்துவிட்டால், ஐப்பசி மழையில் கோயிலின் அதிட்டானம் (அடித்தளப் பகுதி) வரை நீர் தேங்கி நிற்கும். குழாய்ப் பாலங்களின் இடத்தையும் மட்டத்தையும் தொல்லியலாளரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்பது சற்று வரம்பு மீறலாகத் தோன்றினாலும், டெல்டாவில் அது தேவை.

தீர்வுகளில் முதலிடம் தடத்தை விலக்குவதற்கே. அது முடியாதபோது தூண்கள் மீது பாலமாகக் கடத்தல், அதுவும் முடியாதபோது மூடிப் பாதுகாத்தல், எல்லாம் கைவிட்ட நிலையில்தான் மீட்பு அகழாய்வு. அகழாய்வு ஓர் இடத்தைக் காப்பாற்றுவதில்லை, அதைப் பதிவாக மாற்றிவிட்டு அழிக்கிறது. அதற்கான தொகையும் காலமும், பின்னர் அறிக்கை எழுதுவதற்கும் பொருள்களைப் பாதுகாப்பதற்கும் ஆகும் செலவும் திட்ட மதிப்பீட்டிலேயே தனி இனமாக இடம்பெற வேண்டும்.

வேலை தொடங்கிய பிறகு

எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் டெல்டாவில் எதிர்பாராத பொருள் வெளிப்படவே செய்யும். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் கிடைத்தன. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த புத்தப் படிமங்கள் ஏறக்குறைய 350. எனவே மேல்மண் நீக்கும் நாள்களிலும் வடிகால் தோண்டும் நாள்களிலும் தொல்லியலாளர் ஒருவர் களத்தில் இருக்க வேண்டும், பொக்லைன் ஓட்டுநர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் முன்கூட்டியே அரை நாள் பயிற்சி தர வேண்டும். ஓட்டுநருக்குக் காட்ட வேண்டியவை படங்கள் அல்ல, உண்மையான பானை விளிம்பும் பழைய செங்கல்லும் பச்சை படர்ந்த செம்புத் துண்டும்தான்.

பொருள் தென்பட்டால் இயந்திரத்தை நிறுத்தி, சுற்றிலும் 50 மீட்டர் கயிறு கட்டி, இருந்த நிலையிலேயே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கும், அதே நேரத்தில் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பது கட்டாயம். செப்புத் திருமேனி வெளிவந்தால் ஊரார் கூடி, கழுவி, மஞ்சளும் சந்தனமும் பூசி, பாலாபிஷேகம் செய்யத் தொடங்கிவிடுவது இங்கே இயல்பு. அதைத் தடுப்பதற்குக் காவலர் போதாது. ஊர்ப் பெரியவர்களிடமும் குருக்களிடமும் வேலை தொடங்கும் முன்பே பேசி, மண் படிந்த நிலையில்தான் அதன் காலத்தையும் அருகில் புதைந்த மற்ற பொருள்களையும் அறிய முடியும் என்பதைப் பக்குவமாக விளக்கி வைத்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரருக்கு, வேலை நிற்கும் நாள்களுக்குக் கால நீட்டிப்பு உண்டு என்பதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில், கண்டெடுத்த பொருள் இரவோடு இரவாகக் கரைக்குள் போய்விடும்.

இடங்களின் துல்லியமான ஆயத்தொலைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் அறிக்கையில் சேர்க்காமல், தனி இணைப்பாகத் துறைக்கு மட்டும் அனுப்புவது நல்லது, சிலைத் திருட்டுக் கும்பல்களும் அறிக்கைகளைப் படிக்கக்கூடும். இறுதியாக, மண் எடுத்த குழிகளை ஒப்பந்ததாரர் சமப்படுத்தி ஒப்படைப்பதற்கு முன் ஒருமுறை சுற்றி வர வேண்டும். வெட்டப்பட்ட குழியின் பக்கச் சுவர் எந்த உரிமமும் இன்றிக் கிடைக்கும் மண்ணடுக்கு வெட்டுமுகம். அதைச் சுரண்டித் தூய்மைப்படுத்தி, அளந்து வரைந்து, படம் எடுத்து முடிக்கும் வேலையை ஐப்பசி மழை குழியை நிரப்புவதற்கு முன் செய்துவிட வேண்டும்.